மஞ்சள் அறையில் இரண்டு நாற்காலிகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது என் பெரியம்மாவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வாய் ஓயாமல் பேச மட்டும்தான் வரும். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, ஊரார் பேசுவதற்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள். பெரியப்பா போன பிறகு அவளோடு பேசத்தான் ஆள் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனும் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவான்.

அதனால்தான் ஒரு மழை நாளில் ஊரிலுள்ள அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போனாள். ஓவியம் பார்க்க அல்ல, நாலு மனித முகம் பார்க்க. பழைய மரத்தரை கீறிவிடக்கூடாது என்று வாசலில் எல்லோருக்கும் துணியுறை கொடுப்பார்கள். செருப்புக்கு மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கென்று கூட்டமே இல்லை. கூடம் கூடமாகத் தனியாக நடந்தாள். தன் காலடிச் சத்தம்கூடத் துணைக்கு இல்லை. சுவரில் இருந்த ராணி ஒருத்தியிடம் "நீயாவது வாயைத் திறயேன்" என்று கேட்டும் பார்த்தாள்.

மாடிக்குப் போனபோது மணி நாலு நாற்பது. அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

குதிகால் செருப்பு. இங்கே எல்லோர் காலிலும் துணிதானே என்று நினைத்துக்கொண்டே சத்தம் வந்த பக்கம் போனாள். கடைசிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் சுவர், நீலக் கம்பளம், எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஊழியர் சீருடையில் ஒரு பெண்.

"வாங்கக்கா. உட்காருங்க."

பெரியம்மா கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அவளை ஒருவர் உட்காரச் சொல்லி எத்தனை நாளாயிற்று!

"மூடுற நேரமாச்சேம்மா?"

"பரவால்ல. வீட்டுல யாராவது தேடுவாங்களா?"

"என்னைத் தேட யாரு இருக்கா..."

அந்தப் பெண் சிரித்தாள். "அப்ப வாங்க."

கம்பளம் புத்தம் புதிது. ஈரச் செருப்போடு மிதிக்க மனசு வராமல், அறை வாசலிலேயே குனிந்து, செருப்பைக் கழற்ற முதலில் உறையை இழுத்தாள். செருப்பு வாரில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

முகத்தில் குளிர்காற்று அடித்தது.

கம்பளத்திலிருந்தா காற்று...?

"சீக்கிரம்க்கா..."

குரல் கீழேயிருந்து வந்தது.

ஒரு கை பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தது.

"ஐயையோ! இந்தக் கதவ யாரு தொறந்தது?" காவலாளி.

உள்ளே பெண் இல்லை. நாற்காலி இல்லை.

தரையே இல்லை.

கீழே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்த பிறகுதான் காவலாளி வாயைத் திறந்தார்.

"போன வருஷம் அந்தத் தரை இடிஞ்சு விழுந்துச்சும்மா. சாயங்காலம் ஜன்னல் சாத்தப் போன பொண்ணும் சேர்ந்து விழுந்துடுச்சு. எல்லாரும் கிளம்பிட்டோம், எங்களுக்குத் தெரியாது. அடுத்த ரெண்டு நாள் லீவு."

"வீட்டுல தேடலியா?"

"தனிக்கட்டைம்மா. ரெண்டாவது நாள் வரைக்கும் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு."

அந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது, சாவி அலுவலகத்தில் இருந்தது. எப்படித் திறந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம் அதில் இல்லை. மழை வந்தால் பெரியம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டு என்னிடம் கேட்கிறாள்.

"பாவம்டா, தனியா இருக்கா. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"