ஜெபத்துக்கு நின்ற ஏட்டு

தனுவச்சபுரத்துப் பள்ளிப் பேச்சுமேடையில் என்னை வெல்ல ஆளில்லை என்று நான் ஐயமின்றி நம்பிய வயது அது. எல்லைப் போராட்டம் மூண்டிருந்தது. எங்கள் ஊர்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி மேடையேறிய என் அண்ணனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை அண்ணன் பசியோடு பின்வழியாக வந்து, அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தான். நாங்கள் முன்னறையில் குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிட்டிருந்தோம். அப்போது போலீஸ் ஏட்டு ஒருவர் வாசலேறி வந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் ஜெபம் நடக்கும் வீட்டில் ஆமென் சொல்லும்வரை எவரும் குறுக்கே பேசுவதில்லை. அவரும் தொப்பியைக் கழற்றி, அடுக்களைச் சுவரை ஒட்டி நின்று கண்களை மூடினார்.

அப்பா எதிலும் சுருக்கமானவர். ஜெபத்தையும் அப்படியே முடிக்கப் போனார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

“மக்கா, இனி நீ ஜெபம் பண்ணு.”

ஆமென் வந்துவிட்டால் அண்ணன் அகப்படுவான். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்கினேன்: “பரமண்டலத்தில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே!” கொல்லயில் ஊர் வயல்களுக்கு மழை கேட்டேன், நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு நீதி கேட்டேன், எதிரணியினருக்கு நல்ல புத்தி கேட்டேன். பின்கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. குரலை உயர்த்தினேன். கதவு படாரென்று அடித்தது. ஏட்டின் இமைகூட அசையவில்லை.

நான் முடித்தபோது அவருடைய ஆமென்தான் எல்லாரையும்விட உரக்க ஒலித்தது.

“மகன் உண்டோ?” என்றார் அப்பாவிடம்.

“இப்ப இல்ல, ஏட்டையா.”

“செரி. பிள்ளைக்க ஜெபம் கொள்ளாம், நல்லாருக்கு. நீளந்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.”

தொப்பியை வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அம்மா பாயிலேயே சாய்ந்து, ஓயாமல் சிரித்தாள். அப்பாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

வழக்கெல்லாம் ஓய்ந்து அண்ணன் வீடு திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். “அந்தாளுக்கு எதிலயும் ஒரு அக்கறையும் கெடையாது அண்ணா. தூண் மாதிரி நின்னாரு.”

அண்ணன் நெடுநேரம் சிரித்தான். “அதுக்கு இங்கிலீஷ்ல ‘நான்சலன்ட்’ணு சொல்லுவாவ.” எது நடந்தாலும் பொருட்படுத்தாமல் அமைதியாக இருப்பவர் என்று பொருளும் சொன்னான்.

அந்தச் சொல்லை அடுத்த பேச்சுப் போட்டிக்கென்று வைத்துக்கொண்டேன். கடமையில் அக்கறையற்ற அதிகாரிகளுக்கு அந்த ஏட்டையே, பெயரோடும் ஸ்டேஷனோடும், எடுத்துக்காட்டாக்கி முழங்கிப் பழகினேன். அதைக் கேட்ட அண்ணன் ஓடிவந்து என் வாயைப் பொத்தினான்.

“பிள்ளே, அந்த மனுசனுக்க பேரை எங்கயும் சொல்லிராதே!”

எதையுமே பொருட்படுத்தாத ஒருவருக்காக அண்ணன் ஏன் அப்படிப் பதறினான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.