அத்தையின் போன் வாசித்தது

அத்தையின் போன் பேசுவது எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் புரியாது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஓர் ஆங்கிலக் குரல் வாசித்துச் சொல்லும். அந்தக் குரலின் வேகத்தை அத்தை உச்சத்தில் வைத்திருந்தாள். எங்கள் காதுக்கு அது கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். அவள் அதிலிருந்து செய்தி, பேங்க் கணக்கு, ரயில் நேரம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுவாள். "என்னத்தே இது, பேயோட்டுத மாதிரி கத்துது" என்று கேலி செய்தால், "ஒனக்குக் கண்ணு இருக்கு, நின்னு நிதானமா பாக்கலாம். எனக்கு வேலை கெடக்குட்டி" என்பாள். அந்த வேகம் தடுக்கி விழுந்த இடம் மருத்துவமனையின் இணையதளம்தான். அதைத் திறந்தால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லும். எதற்கான பட்டன் என்று சொல்லாது. ரிப்போர்ட் பக்கத்துக்கு வந்தால் "இமேஜ்" என்று ஒரு சொல் வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. ஊரில் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டுக் கண் போனது. மும்பைக்கு வந்து படித்து, ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாராவியில் எங்கள் வீட்டின் கீழ் அறை அவளுடையது. அப்பா, அம்மா, நான் மூவரும் இரும்பு ஏணி ஏறி மேலே படுப்போம். தோல்பை பட்டறையிலிருந்து அப்பா வந்ததும் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் வேதாகமம். அப்பா ஓர் அதிகாரம் வாசிப்பார், அத்தை கேட்பாள். அவள் போனிலேயே வேதாகமம் இருந்தது. ஆனாலும், "போனு வசனத்த ஸ்டேசன்ல அறிவிப்பு சொல்லுத மாதிரில்லா சொல்லுது. தம்பி வாசிச்சாத்தான் எனக்கு வேதம்" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை வரும். அதை அவளால் பார்க்க முடியாது என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

அவள் போகும் அந்தப் பொது மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். சர்க்கரை ரிப்போர்ட்டைக்கூட அடுத்தவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல். மாற்றுத்திறனாளிகளுக்கான குறைதீர்ப்புக் கூட்டம் ஒன்று அங்கே நடந்தபோது கைத்தடியோடு எழுந்து நின்று, போனை மைக் முன்னால் பிடித்து, அந்தத் தளத்தைத் திறந்துகாட்டினாள். "பட்டன், பட்டன், இமேஜ்." சிலர் சிரித்தார்கள். ஆனால் சில மாதங்களில் தளத்தைச் சீர்செய்ய உத்தரவு வந்தது. செம்பூரில் நான் வேலை பார்க்கும் சிறிய கம்பெனிதான் அந்தத் தளத்தைப் பராமரித்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் அதன் பெயரை எழுதுவது, கோணல்மாணலான எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் பூட்டை எடுப்பது, படமாக ஏற்றிய ரிப்போர்ட்டுகளை வாசிக்கக்கூடிய எழுத்தாக மாற்றுவது என்று வேலை என் தலையில் விழுந்தது. "எனக்காவ ஒனக்குச் சம்பளம் குடுக்கானுவ, பாத்தியா" என்று அத்தை அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை பாதியில் இருக்கும்போது அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர், "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று அப்பாவை வெளியே கூப்பிட்டார். அத்தை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எந்த டாக்டரும் அவளிடம் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. அவள் தலைக்கு மேலே கூட வந்தவரிடம்தான் பேசுவார்கள். கணையத்தில் புற்று, பரவிவிட்டது, வீட்டில் வைத்து வலிக்கு மாத்திரை கொடுங்கள் என்றாராம். அன்று இரவு அப்பா தன் போனில் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். கணையத்தில் வீக்கம், மருந்தில் கரைந்துவிடும், உப்பும் எண்ணெயும் ஆகாது. தடங்கலே இல்லாமல், வேதாகமம் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். எங்கள் சொந்தத்தில் இது புதிதில்லை. புற்று என்று நோயாளியிடம் சொல்வது பாவம். சொன்னால் பயத்திலேயே போய்விடுவார்கள் என்பார்கள். கண் தெரிந்தவர்களிடம் இந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் காகிதங்களை ஒளிக்க வேண்டும். அத்தையிடம் அந்தச் சிரமம்கூட இல்லை. நானும் அம்மாவும் அவரைத் திருத்தவில்லை.

உல்லாஸ்நகரில் அத்தைக்கு ஒரு தோழி இருந்தார். ஒரே டெலிபோன் போர்டில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அவருக்கும் கண் தெரியாது. "அவளப் போய்ப் பாக்கணும்" என்று அத்தை சொல்லும்போதெல்லாம், "ஒடம்பு தேறட்டும்க்கா, மழை விட்டதும் கூட்டிட்டுப் போறேன்" என்பார் அப்பா. அவளும் பத்தியம் விடாமல் தேறக் காத்திருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மீன்குழம்பென்றால் உயிரை விடுகிறவள், சாகப்போகிறோம் என்று தெரியாமல் உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒருநாள் நைன்ட்டி ஃபீட் ரோடு வரை என்னோடு நடந்து வந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "ஏட்டி, அந்த ரிப்போர்ட் பக்கத்த மட்டும் கொஞ்சம் பையச் செய்யேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பக்கம் அத்தைக்கு மட்டுமானதில்லை, இந்த ஊரில் அவளைப்போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றேன். "எனக்கு ஒரு அக்காதான் இருக்கா" என்றார் அப்பா. பஸ் வந்துவிட்டது.

அவர் பயந்ததுபோல உடனே ஒன்றும் நடக்கவில்லை. புதிய ரிப்போர்ட்டுகள் மட்டும் எழுத்தாக வரும், பழையவை படமாகவே கிடக்கட்டும், யாராவது விண்ணப்பித்தால் மாற்றிக்கொடுக்கலாம் என்று மருத்துவமனை முடிவு செய்தது. தளம் திறந்த அன்று பட்டன்கள் எல்லாம் பெயர் சொல்லின. அத்தை காலையில் படுக்கையில் கிடந்தபடியே ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். நான் ஆபீஸுக்குப் போய்க் கணினியைத் திறந்தபோது முதல் விண்ணப்பம் வந்திருந்தது. அத்தையின் பெயர். பழைய ரிப்போர்ட்டுகள் அனைத்தும் வேண்டும்.

அதைக் கடைசியில் தள்ளியிருக்கலாம். தொழில்நுட்பக் கோளாறு என்று பதில் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டால் எந்த மேலதிகாரியும் கேள்வி கேட்கமாட்டார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, அதை முதலாவதாகச் செய்தேன். அவள் மைக் முன்னால் நின்று கேட்டு வாங்கிய பக்கம் அது. அதை அவளுக்கு மட்டும் பூட்டிவைக்க நான் யார்? இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் பேசிக்கொண்டிருந்தது, எனக்கே ஒவ்வொரு சொல்லும் புரியும் வேகத்தில். அவள் குரலின் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தாள். மாலிக்னன்ட் என்றது. விரலைப் பின்னால் இழுத்தாள். மறுபடியும் மாலிக்னன்ட் என்றது. போன் செய்கிறவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பேசி லைன் கொடுத்தவள். அந்தச் சொல்லுக்குப் புற்று என்று அர்த்தம் சொல்ல அவளுக்கு ஆள் தேவையில்லை. அப்பா வந்து செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும், "தம்பி, நீ வாசிச்சது நல்லாத்தான் இருந்துச்சு. போனு வேற மாதிரில்லா வாசிக்கு" என்றாள். அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு முழுக்க அவள் அழுதாள். கீழே அந்த அழுகை, மேலே நாங்கள். அப்பா இருட்டில் என் பக்கம் திரும்பி, "கேட்டியா? இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். உண்மை தெரிந்தால் அவளுக்கு நிம்மதி வரும் என்று நான் எங்கோ நினைத்திருந்தேன் போலிருக்கிறது. நிம்மதி எதுவும் வரவில்லை.

விடிந்ததும், "மழை விட வேண்டாம். இன்னைக்கே உல்லாஸ்நகர் போவோம்" என்றாள். சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினோம். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் அப்பா அவளைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். அவள் கையை உதறவில்லை. தோழி கதவைத் திறந்து அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தார். கை முழங்கை வரை ஏறியது, தோளுக்கு வந்தது, கன்னத்தில் நின்றது. "கித்னா சூக் கயீ தூ" என்றார். எவ்வளவு வற்றிப்போய்விட்டாய் என்ற அந்த வார்த்தையை எங்களில் ஒருவரும் அதுவரை அவளிடம் சொன்னதில்லை. இருவரும் மதியம் வரை பேசினார்கள். அத்தை அங்கே மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள், வாந்தி எடுத்தாள், மறுபடியும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் அப்பாவை வேதாகமம் வாசிக்கச் சொல்லவில்லை. சண்டை இல்லை. கஞ்சி கொடுத்தால் குடிப்பாள், பட்டறையைப் பற்றிக் கேட்பாள். இரவில் மட்டும் போனை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வாள். அது மெதுவாக, ஸ்டேஷன் அறிவிப்புபோல, வசனம் சொல்லும். அப்பா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏணிப்படியில் உட்கார்ந்திருப்பார். மருந்து ஏற ஏற அவள் தலை மந்தமாயிற்று. குரலின் வேகத்தை அவள் திரும்பக் கூட்டவே இல்லை. நினைவு தப்பிய பிறகு அப்பா பக்கத்தில் அமர்ந்து விடாமல் வாசித்தார். அவள் கேட்டாளா என்று தெரியாது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

அவள் போனை அப்பா தினமும் சார்ஜ் போட்டு அலமாரியில் வைக்கிறார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. இப்போது அப்பாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டு வருகிறது. வேதாகமத்தின் எழுத்து தெரிவதில்லை. மருத்துவமனையின் ஒப்பந்தமும் எங்கள் கம்பெனியை விட்டுப் போய்விட்டது. புதிதாக வந்தவர்கள் தளத்தைப் பளபளவென்று மாற்றியிருக்கிறார்கள். மூலையில் ஒரு சக்கர நாற்காலிப் படம். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும்.

போன வாரம் அப்பாவின் கண் ரிப்போர்ட் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். இடது கண்ணில் பார்வை திரும்பாது, வலது கண்ணைக் காப்பாற்ற ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் தமிழில் சொன்னேன். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உள்ளத உள்ளபடிதான் வாசிச்சியா?"

"ஆமாப்பா."

"அக்கா போன எடுத்துட்டு வா. அது வாசிக்கட்டும்."

எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். "இமேஜ்" என்றது போன், அத்தை விட்டுப்போன வேகத்தில், நிதானமாக. புதிதாக வந்தவர்கள் ரிப்போர்ட்டுகளை மறுபடியும் படமாகத்தான் ஏற்றுகிறார்கள், அதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அப்பா விரலை எடுக்காமல், அடுத்த சொல்லுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.