ஓடாத டிவி வாங்கப்படும்

என் வீட்டுக்காரருக்கு எதையாவது முழு விலை கொடுத்து வாங்கிவிட்டால் சோறு இறங்காது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயைக்கூட நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவார். கோவில் வாசலில் மானத்தை வாங்காதீர்கள் என்றால், "உடைக்கப் போற தேங்காய்தானே, அதுக்கு என்னத்துக்கு நல்ல வெலை?" என்பார். பிள்ளையாரே பேசாமல் இருக்கும்போது நான் என்ன சொல்வது?

நான் அப்போது ஒரு அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள்; ஒரு கடையில் அரை நாள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கரமனையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல் உண்டு. விடிந்ததும் நாங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும் உடுத்திய துணியையெல்லாம் அதில் அடித்துத் துவைத்து உலர்த்திவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். மழைக்காலத்தில் சோப்புத் தண்ணீர் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். அந்த விரலால் நாள் முழுக்க டைப் அடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் சுள்ளென்று இருக்கும். ஒரு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து பாங்கில் போட்டுவந்தேன். நகையா கேட்டேன், பட்டா கேட்டேன்? அது ஒன்றுதான் கேட்டேன்.

அந்த நாட்களில் ஓணம் வந்தால் டிவி கடைக்காரர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பழைய டிவியைக் கொண்டு வந்தால் புது டிவி விலையில் கழித்துத் தருகிறோம், பழையது ஓட வேண்டும் என்றுகூட இல்லை என்று பேப்பரில் பக்கம் பக்கமாக விளம்பரம். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். முதல்முறையாக டிவி வாங்குகிறவனிடம் பழைய டிவி எங்கே இருக்கும்? ரிப்பேர் கடைகளில் யாரும் திரும்ப வந்து கேட்காமல் கிடக்கும் செத்த டிவிகளைச் சல்லிசாக வாங்கி அவனுக்கு விற்றால், கழிவில் பாதி அவனுக்கு, பாதி நமக்கு என்பது அவர் கணக்கு.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஓணத்துக்கு அது நடந்துவிட்டது. வலியசாலையில் ஒரு வாத்தியாரும் என் ஆபீஸ் பியூனும் செத்த டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் புது டிவியோடு திரும்பி வந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. முதலிலேயே நஷ்டம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அடுத்த ஓணத்துக்கு இப்பவே சரக்கு பிடிச்சு வெக்கணுமாக்கும். உன் மெஷின் காசைக் குடு. மெஷினோட ஃப்ரிட்ஜும் வாங்கிடலாம், கேட்டயா?" என்றார்.

"அது மெஷினுக்கு வெச்ச காசு. அதைத் தொடப்படாது."

"வெறுதே பாங்கில கிடந்து தூங்கறதே!"

காலையில் காப்பி குடிக்கும்போது இதே பேச்சு, ராத்திரி மோர் சாதம் சாப்பிடும்போதும் இதே பேச்சு. அனத்தல் தாங்காமல் கொடுத்துத் தொலைத்தேன்.

செத்த டிவிகள் வர ஆரம்பித்தன. கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி, கால் போன டிவி, உள்ளே பல்லி முட்டையிட்ட டிவி. முன்னறை நிரம்பி, ரேழி நிரம்பி, கடைசியில் பிள்ளைகள் படிக்கிற மேஜைமேலும் ஒன்று ஏறியது. வந்தவர்கள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் செத்த திரையில் அவர்கள் முகமே அவர்களுக்குத் தெரியும். "மாமி, ஆத்துல ஷோரூம் தொறந்தாச்சா?" என்று தெருவே கேட்டது. நான் கிணற்றடியில் துவைத்துக்கொண்டே இருந்தேன்.

ஓணமும் வந்தது. அந்த வருஷம் எந்தக் கடைக்காரனும் பழைய டிவியைக் கேட்கவில்லை. புது டிவி வாங்கினால் ஒரு சீட்டு தருவார்கள், அதைச் சுரண்டினால் அதிர்ஷ்டம் இருப்பவர்களுக்குத் தங்கக் காசு. இவர் கடை கடையாகப் போய், "போன வருஷம் எடுத்தேளே, இப்போ மட்டும் என்ன?" என்று சண்டை பிடித்துவிட்டு வந்தார். என்னமோ கடைக்காரர்கள் இவருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததுபோல!

கடைசியில் பழைய சாமான் எடுக்கிறவரை நானே கூப்பிட்டேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத கொண்டு போயி நான் என்ன செய்யணும் கேக்கேன்? வண்டிக்கூலி தாருங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றார். என் மெஷின் காசில் வாங்கிய குப்பையை எடுத்துப் போக என் சம்பளத்திலிருந்தே கூலி கொடுத்தேன்.

அதற்கு அடுத்த ஓணத்துக்கு ஆபீஸில் ஓணம் அட்வான்ஸ் வாங்கினேன். கைக்கு வந்த அன்றே, போதாததற்கு என் சம்பளத்தையும் போட்டு எடுத்துக்கொண்டு, நேராகக் கடைக்குப் போனேன். தூக்க ஆள் வேண்டுமே என்று அவரையும் அழைத்துப் போனது என் தப்பு. கடைப் பையன் மெஷினைக் காட்டிவிட்டு, "சேச்சி, பழைய மெஷின் வல்லதும் உண்டோ? கொண்டுவந்தா விலை குறைக்காம்" என்றான். பழைய மெஷின் ஏதாவது இருந்தால் விலையில் கழிப்பானாம். பக்கத்தில் நின்றவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"ஒரு நாள் பொறு. நான் எங்கேயாவது ஒரு பழைய மெஷின்..."

"வாயைத் தொறந்தேளோ, நான் இங்கேயே ஒக்காந்து அழுவேன்" என்றேன். பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்தேன். முழு விலை. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் காசு செலவழித்ததே இல்லை.

மறுநாள் காலை தண்ணீர் விட்டுத் துணியைப் போட்டு மெஷினின் குமிழைத் திருகினேன். அது உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்ததும் இவரைக் காணோம். போய்ப் பார்த்தால், வாசல் சுவரில் இருந்த கரண்ட் மீட்டருக்கு எதிரே நின்று, உள்ளே சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னடீ இப்படி ஓடறது!"

"ஓடட்டும். இத்தனை வருஷமா என் கை ஓடித்தே, அதுக்கு யாராவது மீட்டர் வெச்சேளா?"

சொல்லிவிட்டு நான் மெஷினிடம் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் கொல்லைப் பக்கம் வந்து மெஷினுக்குள் எட்டிப் பார்த்தார். "பாதி காலியான்னா கிடக்கு" என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளே போட்டார்.