அக்கா கூப்பிடாத காலை

தேவாலயச் சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பச்சை நிறச் சுடுதண்ணிப் போத்தல் போன வாரம் வரை நின்றது. மூடியில் ஒரு நசுங்கல். அதில் யாரும் எதையும் ஊற்றுவதில்லை. எடுத்து வீசவும் ஒருவருக்கும் மனம் வந்ததில்லை. அந்த அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் பழகியிருந்தேன்.

ஜெர்மனியில் எங்கள் நகரத்தில் குளிர் முற்றியதும், வீடற்றவர்கள் படுத்தெழும்பத் தேவாலயங்கள் முறைவைத்துக் கதவைத் திறக்கும். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு தேவாலயம். புதன் இரவு அக்காவின் தேவாலயம். எங்கள் எல்லோருக்கும் அக்காவான அவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்; முதியோர் இல்லமொன்றில் வேலை. புதன் பின்னேரங்களில் மட்டும் எங்களுக்குத் தளபதி. பிள்ளையார் கோயிலுக்குப் போகிற என்னையும், "பருப்பு அவிக்கிறதுக்கு என்ன சமயம், வாரும்" என்று இழுத்து வந்துவிட்டார். ஜெர்மன்காரரின் பருப்புச் சூப்பில் சத்தமில்லாமல் எங்களூர் மிளகாய்த்தூள் விழும். சாப்பிடுகிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு இரண்டாம் தரமும் கோப்பையை நீட்டுவார்கள்.

அப்படி முதலில் நீட்டுகிறவர் ஒரு ஜெர்மன் பெரியவர். ஒருகாலத்தில் லொறி ஓட்டியவர்; மனைவி போனபின் வீடும் போய்விட்டது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கிண்டவில்லை. அக்கா அவரை 'ஐயா' என்பார். அவர் பதிலுக்கு 'அக்கா' என்பார். எழுபதைத் தாண்டிய மனிதர் தன் மகள் வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பு அடங்காது. வியாழன் காலையில் அவர் புறப்படும்போது அக்கா பச்சைப் போத்தலில் இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அடுத்த புதன் அது கழுவித் துடைத்துத் திரும்பி வரும்.

அவருடைய சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைய தேவாலயம் ட்ராமின் கடைசித் தரிப்பிடத்துக்கும் அப்பால், ஒரு மேட்டில் இருந்தது. முழங்கால் நோவோடு அவரால் அங்கே ஏற முடியாது. ஆகவே ஞாயிறு இரவுகளில் ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் படுத்துவிடுவார். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்கு ஞாயிறு நித்திரை இல்லை. மகன் வேலைக்கு ஹனோவர் போனதால் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. "ஊர் பேர் தெரியாத ஆளை எப்பிடியப்பா வீட்டுக்குள்ள விடுறது?" என்று கணவர் பிடிவாதமாக நின்றார். அக்கா விடவில்லை. சாப்பாட்டு மேசையிலும் காரிலும், பூசை முடிந்து வருகிற வழியிலும் கதை அதுதான்.

கடைசியில் ஒரு வியாழன் காலை, நாங்கள் பாணும் முட்டையும் பரிமாறி முடித்த வேளை, கணவர் தொலைபேசியில் பேசினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார். "இவர் ஓமெண்டிட்டார்!" பெரியவர் அப்போதுதான் படியிறங்கிப் பனியில் காலை வைத்திருந்தார். தோளில் பை, கையில் பச்சைப் போத்தல். அன்று அவருக்கு நகரசபையில் வீடு விடயமாக அதிகாரியைச் சந்திக்க ஒரு டெர்மின், குறித்த நேரம். நீண்ட நாள் காத்திருந்து கிடைத்தது. நான் கூப்பிட வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"பின்னால கூப்பிடாதையும். நல்ல அலுவலா வெளிக்கிட்ட மனுசன். போற காரியம் சரிவராது."

கழுத்தில் செபமாலை, வாயில் சகுனம். வேறு நாளென்றால் கேலி செய்திருப்பேன். ஆனால் என் அம்மாவும் அப்படித்தான். படியிறங்கியவரைப் பின்னால் கூப்பிட எனக்கும் நா எழவில்லை. "புதன் வருவார்தானே. இடையில ஒரேயொரு ஞாயிறுதான். புதனுக்குள்ள அறையை வடிவாத் துப்புரவாக்கிப்போடுவன்" என்றார் அக்கா. அன்றைக்கே புதுப் போர்வை வாங்கினார். நாங்கள் இருவரும் கதவோரம் நின்று, அவர் தெருமுனையில் திரும்பும் வரை சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதன் பின்னேரம் அவருக்குப் பதிலாகப் போத்தல் வந்தது. தெருவில் இருப்பவர்களைப் பார்க்கும் சமூகப் பணியாளர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஞாயிறு இரவு சுரங்கப்பாதையில் பெரியவர் இறந்துவிட்டார். டெர்மின் என்னவாயிற்று என்று அக்கா கேட்டார். அன்று நகரசபை அதிகாரிக்குச் சுகமில்லையாம், வேறு நாள் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அக்கா உள்ளே போய்ச் சூப்பைக் கிண்டினார். அன்று மிளகாய்த்தூள் போட மறந்துவிட்டார்.

கூப்பிட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஞாயிறு அவர் ஒரு கட்டிலில் படுத்திருப்பார். அது தெரிகிறபடியால்தான் இந்த வலி ஆறுவதில்லை.

அதன்பிறகு பல குளிர்காலங்கள் போய்விட்டன. அக்கா இப்போது எல்லோரையும் பின்னால் கூப்பிடுகிறார். வேலைக்குப் புறப்படும் கணவரை, காரில் ஏறப்போகும் மகனை, என்னை. போன வியாழன் புதிதாக வந்த ஒருவர், இருமிக்கொண்டு படியிறங்கினார். அக்கா அலுமாரியைத் திறந்து, போத்தலை இறக்கிக் கழுவித் தேநீர் ஊற்றினார். "ஐயா, நில்லுங்கோ!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடினார். அந்த மனிதர் விளங்காமல் திரும்பினார், நின்றார், போத்தலை வாங்கிக்கொண்டார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த அக்கா, நனைந்த செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை.

"பாத்தீரோ, கூப்பிட நிண்டவர். அவரும் நிண்டிருப்பார்."