பெயர் வெட்டாத கல்

சுற்று வட்டாரத்தில் யார் எதைத் திறந்து வைத்தாலும், திரையை விலக்கினால் தெரியும் கல்வெட்டு பெரும்பாலும் திருமயம் சோலையப்பன் வெட்டியதுதான். ஆட்சியை அவர் எழுத்தின் உயரத்தை வைத்துப் புரிந்துகொண்டவர். முதலமைச்சருக்கு இரண்டு அங்குலம், அமைச்சருக்கு ஒன்று, துணை முதலமைச்சருக்கு ஒன்றரை. சட்டப்படி துணை முதலமைச்சரும் ஓர் அமைச்சர்தான், அப்படித் தனிப் பதவி கிடையாது என்று ஒரு வக்கீல் விளக்கியபோது சோலையப்பன் சிரித்துவிட்டார்.

“அப்ப அந்த அரை அங்குலம் எங்கேருந்து சார் வந்துச்சு?”

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பதவியை முதலில் வெட்டிவிடுவார்; பெயரை விழாவுக்கு முந்தின நாள்தான். ஆள் மாறலாம், நாற்காலி மாறாது என்ற எண்ணம். ஒரு கிராமத்துப் பிரசவ வார்டுக்கு வெட்டிய கல்லில் அது பொய்த்தது. ‘துணை முதலமைச்சர்’ என்று வெட்டி, பெயருக்கு இடம் விட்டிருந்தார். கட்டடம் முடிவதற்குள் தேர்தல் வந்தது. புது ஆட்சியில் துணை முதலமைச்சரே கிடையாது; ஆளோடு நாற்காலியும் காணாமல் போயிற்று. கட்டட வேலையும் பாதியில் நின்றது. கல் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. அவர் மனைவி காத்தாயி அதன்மேல் ஈரத்துணி உலர்த்தினாள்.

“ஊரான் பேரெல்லாம் வெட்டுறீங்க. எம்பேர எங்கிட்டாச்சும் வெட்டியிருக்கீங்களா?”

“நீ எதைத் திறந்து வச்ச?”

“தெனமும் கதவைத் தெறக்குறேன்ல?”

மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அந்த அளவில் வேறு கல் கைவசம் இல்லை. அதையே திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை இழைத்து, அவள் பெயரை வெட்டினார். இரண்டு அங்குலத்தில். கொல்லை மூலையில் சமாதிமேல் கிடத்தியபோது, ஆளில்லாத பதவி கீழே அவளைப் பார்த்தபடி கிடந்தது.

அதன் பிறகுதான் தொடங்கியது. மத்தியானம் உளியைக் கீழே வைத்ததும் முதுகுக்குப் பின்னால், “இந்தாங்க.” சாப்பாட்டுக்கு அவள் கூப்பிடும் குரல். திரும்பினால் கற்கள்தான் நிற்கும். சோலையப்பனுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் “வாரேன்” என்று பதில் சொல்லிவிடுவார். மரியாதை வேறு, நம்பிக்கை வேறு. பழைய கல்லைப் போட்டதில்தான் அவளுக்குக் கோபம் என்று முடிவும் கட்டிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து நாற்காலி திரும்பி வந்தது, வேறொருவரோடு. பிரசவ வார்டு வேலையும் முடிந்து, அதன் இன்ஜினியர் அரவிந்த்குமாரும் வந்தார்.

“நாளன்னிக்குத் திறப்பு விழாங்க. அந்தக் கல்லு இருக்குல்ல? பேரை மட்டும் வெட்டிக் குடுத்துருங்க.”

“இருக்குங்க. கொஞ்சம் தூக்கணும்” என்றார் சோலையப்பன்.

மகள் சுடர்விழிக்கு விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. “அம்மாவுக்குப் போயி பழைய கல்லாப்பா? இப்பத் தூக்குனா அவங்களக் கலைச்ச மாதிரி ஆகாதா?”

“கலைஞ்சு போயித்தானே ஒங்காத்தா கூப்புடுறா. புதுக்கல்லா முழுசாப் போட்டுட்டா அடங்கிருவா.”

காலையில் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அடிப்பக்க எழுத்துகளில் மண் அடைந்திருந்தது. பெயருக்கு விட்ட இடத்தில் மட்டும் ஒரு துளி மண் இல்லை. வழவழப்பான இடம், ஒட்டாது என்று தனக்கே விளக்கிக்கொண்டார். பெயரை வெட்டினார். பின்பக்கம் இருந்த அவள் பெயரை அழிக்க மெஷினை எடுத்தவர், சுவருக்குள் போகிற பக்கம்தானே என்று வைத்துவிட்டார்.

விழா நடந்தது. திரை விலகியது, கை தட்டினார்கள். அந்தச் சுவருக்குள் காத்தாயி இரண்டு அங்குலத்தில் இருப்பது சோலையப்பனுக்கு மட்டும் தெரியும்.

சமாதிக்குப் புதுக்கல் வந்தது. குரல் நின்றது. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் மத்தியானங்களில் உளியைக் கீழே வைக்கவே பயந்தார். வைத்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மூன்றாவது வாரம் பஸ் ஏறி வார்டுக்குப் போனார். கல்லில் விரிசல் இருக்கிறதா பார்க்க வந்தேன் என்றார். நர்ஸ் பரிமளா அலுத்துக்கொண்டாள்.

“கல்லு நல்லாத்தாங்க இருக்கு. அதுக்குப் பின்பக்கக் கட்டில்லதான் யாரும் படுக்க மாட்டேங்குறாங்க. மத்தியானமானா செவுத்துக்குள்ளேருந்து யாரோ ‘இந்தாங்க’ன்னு கூப்புடுதாம். புள்ளை பெத்த அசதியில என்னென்னமோ கேக்கும்.”

சோலையப்பன் மணி பார்த்தார். ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம். காலியாகக் கிடந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி டிபன் பாக்ஸைத் திறந்தார்.