பேட்டரி இல்லாமல் எரிந்த விளக்குகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். தாராவியில் பதினாறு வருடமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன், விளக்கு தானாக எரிந்தால் எங்கேயோ வயர் உரசுகிறது, அவ்வளவுதான். நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செல்வராஜ் அண்ணன் உல்லாஸ்நகரில் துணி ஏற்றி நாசிக்குக்கு ஓட்டுகிறவர். ஒரு மத்தியானம் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து பம்பருக்கு மேல் இரண்டு எக்ஸ்ட்ரா லைட் போடச் சொன்னார், அதுவும் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிற மாதிரி தூக்கி வைக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன்.

"போன வாரம் மலை ரோட்டுல ஒருத்தன் பைக்குல ஹை பீம் போட்டுட்டே வந்தாம்டே. நானும் திருப்பி அடிச்சேன். கண்ணு கூசிப் பள்ளத்துல போயிட்டான். பின்னால இருந்த பொண்டாட்டி செத்துட்டாளாம்."

சொல்லிச் சிரித்தார். வாடிக்கைக்காரர் சிரித்தால் நாமும் சிரிப்போம் இல்லையா, நானும் சிரித்தேன்.

பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். வயர் முனைகளை இன்னும் எதிலும் இணைக்கவில்லை. போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு லைட்டும் எரிந்தன. எதிர்த் தகரச் சுவரில், அந்த வெயிலிலும், வெளிச்சம் வட்டமாக விழுந்தது. அதற்குள் ஒரு பெண்ணின் நிழல், பைக்கில் உட்கார்கிற மாதிரி ஒருக்களித்து, ஒரு கையால் முகத்தை மறைத்தபடி. இடையில் யாரும் இல்லை. லைட்டுக்கு முன்னால் கையை நீட்டினேன், என் கை நிழலும் விழுந்தது, அந்தப் பெண்ணின் நிழலும் அப்படியே இருந்தது.

"யாருடே குறுக்க?" என்றார் அண்ணன்.

"யாருமில்லண்ணே."

ஸ்பேனரை எடுத்து இரண்டு லைட்டையும் உடைத்தார். சுவரிலிருந்த வெளிச்சமும் நிழலும் போயின. பிறகு இதைவிடப் பவரான ஜோடியாக வாங்கி வந்து போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன், அவர் கேட்ட மாதிரியே தூக்கி வைத்து.

அடுத்த மாதம் ஐரோலியிலிருந்து நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் வந்தோம், பட்டப்பகல், ஒருவழிப் பாலம், எதிரில் வண்டியே கிடையாது. பின்னால் இருந்தவள் திடீரென்று என்னை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு விழுந்தாள். இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது, இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு பிக்கப் வண்டி லைட் அடித்தது என்கிறாள். நம்பரையும் சொல்கிறாள். அது அண்ணன் வண்டி நம்பர். அன்றைக்கு அவர் நாசிக்கில் இருந்தார், நானே போனில் பேசியிருக்கிறேன். என் மனைவி அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை.

"ஒங்களுக்குத் தெரியாத வண்டியா? கண்டுபிடிங்க," என்று படுக்கையிலிருந்து தினமும் கேட்கிறாள்.

போன வாரமும் அந்த வண்டி கடைக்கு வந்தது. தூக்கி வைத்த லைட்டில் ஒரு பல்பு போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.