மெட்ரிக் பாஸ் செய்த மாடு

1938, மே 12, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாத என் அண்ணனைச் சேந்தமங்கலத்திலிருந்து சேலத்துக்குக் கூட்டி வந்திருந்தேன். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. புத்தி ஐந்து வயதுக்கு. பெரியவர்கள் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டிருந்தோம்.

"தலை நோவுதா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

"காலு?"

"ஆமாங்க."

"வாலு?"

"ஆமாங்க."

தொட்டால் அண்ணன் உடம்பைச் சுருட்டிக்கொண்டார். டாக்டர் சிரித்து, பேதி மருந்து கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்தோடு வந்த நர்சம்மா கொடுக்காமல் நின்றார். "இவரு ஊட்டுல என்னங்க வேலை செய்வாரு?"

"மாடு பாப்பாருங்க. நோவு வந்த மாட்டைத் தடவியே எங்கேன்னு சொல்லிப்போடுவாரு."

"அப்ப நீங்க மாடாகுங்க."

"நான் மெட்ரிக் பாஸுங்க."

"படிச்ச மாடுன்னா இன்னும் விசேசமுங்க."

தரையில் நாலு காலில் நின்றேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். "கழுத்துல மணி இல்லீங்களே. இது நம்ம மாடு இல்லீங்க."

கடைத்தெருவுக்கு ஓடி மணி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். நர்சம்மா மெதுவாகக் கேட்டார்: "உங்க நோவு இந்த மாட்டுக்கு வந்துருச்சுங்க. எங்கீங்க சாமி?"

அண்ணன் என் அடிவயிற்றின் வலப்பக்கம் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்துக்கொண்டே அழுதார்.

நர்சம்மா டாக்டரைத் திரும்ப அழைத்து வந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. குடல்வால் வீங்கியிருந்தது, அன்று மதியமே ஆபரேஷன். பேதி மருந்து உள்ளே போயிருந்தால் ஆள் தங்கியிருக்கமாட்டார் என்று பிறகு அவரே சொன்னார்.

அதற்கப்புறம் எந்த நர்ஸ் வந்தாலும் கட்டு, தெர்மாமீட்டர் எல்லாம் முதலில் எனக்கு, பிறகுதான் அண்ணனுக்கு. அந்த வார்டில் அப்படி ஒரு வழக்கமே ஆகிவிட்டது. பதினோரு நாள் மாடாக இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் தினமும், "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்களா?" என்று அண்ணனை விசாரிப்பார். "ஆமாங்க" என்பார் அண்ணன். எனக்கு ஒரு வாய் காப்பிகூட வந்திருக்காது.

அண்ணன் நடந்தே பஸ் ஏறினார். மணியைக் கழற்ற விடவில்லை. ஊர்வரை என் கழுத்திலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. மணி ஆறணா, முழங்காலில் கிழிந்த வேட்டிக்குப் பதில் வேட்டி ஒரு ரூபாய் இரண்டணா, பஸ் போக வர ஒரு ரூபாய் நாலணா. ஆக மொத்தம் இரண்டு ரூபாய் பன்னிரண்டணா.